அடுப்பில் ஏறிய தீர்த்தம்

எங்கள் சமையலறையில் உப்பு டப்பாவுக்கும் சீனி டப்பாவுக்கும் நடுவே, நீல மூடி போட்ட பழைய ஜூஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. மாதா கோயில் திருவிழாவில் மந்திரித்துக் கொடுக்கும் தீர்த்தத்தை என் மாமியார் அதில்தான் நிரப்பி வருவார். அப்போதெல்லாம் அடுத்த திருவிழா வரை அது பீரோ மேல், மாதா படத்துக்குக் கீழே இருக்கும். காய்ச்சலில் கிடப்பவருக்கும் கடலுக்குப் போகிறவருக்கும் அதிலிருந்து ஒரு துளி.

என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். எங்கள் தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துப் புழங்குவோம். நான் படித்தவள், பயந்தவளும்கூட. பிள்ளைக்கான தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியும் குழாயும் உள்ள எவர்சில்வர் பானையில் ஊற்றி வைப்பேன். யாரையும் அதில் டம்ளரை முக்க விடமாட்டேன். அப்படியும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் அந்தச் சின்னக் கையில் டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடினார்கள். தேடிய ஒவ்வொரு தடவையும், நான்தான் சரியாகக் கொதிக்க வைக்கவில்லையோ என்று குறுகிப்போனேன்.

பிள்ளை தேறி வீடு திரும்பிய மறுநாள் காலை, மாமியார் பானையைத் திறந்து, சிலுவை அடையாளமாகக் குருசு போட்டு, பாட்டிலிலிருந்து தீர்த்தம் ஊற்றுவதைப் பார்த்தேன். பிள்ளை தண்ணீர் குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து தினமும் ஊற்றுகிறாராம்.

"இத விட என்ன மருந்து வேணும்?" என்றார்.

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் பச்சைப் பாசி. கீழே கொட்ட எனக்கும் மனம் வரவில்லை. துணியில் வடிகட்டிச் சட்டியில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தேன்.

"ஏளா, தீர்த்தத்தப் போட்டு அவிக்கியே! மாதாவ விட்டுட்டு கேஸ் அடுப்பயா நம்புத?"

அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை.

"மாதாவ நம்புதேன் மாமி. இந்தப் பாட்டிலத்தான் நம்பல."

நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. "தீர்த்தத்துல ரசம் வச்ச மருமவ வாரா" என்று குழாயடியில் சிரித்தார்கள். கப்பலில் வேலை பார்க்கும் கணவர், அம்மாவிடம் மன்னிப்புக் கேள் என்று போனில் சொன்னார். கேட்டிருக்கலாமோ என்று இன்றும் தோன்றும். பாசிதான் காரணமா என்பதும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. பாட்டிலைப் பிரஷ் விட்டுத் தேய்த்தேன். பானைக்குப் பக்கத்தில் காவல்காரி மாதிரி நடமாடினேன்.

அடுத்த திருவிழா முடிந்து வந்த மாமியார், பாட்டிலைப் பீரோவுக்குக் கொண்டுபோகவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தார்.

"இந்தா, ஒன் அடுப்புச் சாமி மொதல்ல பாக்கட்டும்."

போன வருடம் அவர் நோயில் கிடந்தபோது, கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன்.

"கொதிச்சதா ஏளா?"

"கொதிச்சதுதான் மாமி."

"அதான் ருசியே இல்ல" என்றார். இன்னொரு கரண்டிக்கு வாயைத் திறந்தார்.

இந்த வருடத் திருவிழாவில் வரிசையில் நின்று பாட்டிலை நிரப்பியவள் நான். "மாமியாரும் போயிட்டாவ. இனி யார்கூட மல்லுக்கட்டப் போற? இந்த வருசமாவது அப்படியே வையி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பைப் பற்ற வைத்தேன். குருசு போட்டுவிட்டு, கொதிக்கும் வரை அங்கேயே நின்றேன். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி, நீல மூடியை இறுக்கித் திருகி, உப்புக்கும் சீனிக்கும் நடுவே வைத்தேன்.