டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது

கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று சொன்ன ஸ்கேன் அறைப் பெண், அதே மூச்சில் "குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்றும் கேட்டுவிட்டாள். காபியைத் தவிர எதையும் ஊற்றிக் குடித்தறியாத எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தினமும் ரெண்டு வேளை, சர்க்கரை தூக்கலா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டாள்.

நான் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திண்டுக்கல்லில் சொந்த வீடு. கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் அமெரிக்காவில். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "குடுத்து வச்சவங்க" என்பார்கள். கொடுத்து வைத்தவள் காலையில் ஒரு டம்ளர் அரிசி களைந்து போட்டால் அந்தச் சோறு மறுநாள் வரைக்கும் கிடக்கும். மில் பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது இன்றைக்கும் என் கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. அதில் ஏறுகிற பெண்களில் ஒருத்தியைக்கூட எனக்கு இப்போது தெரியாது.

டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. சோற்றைக் குறைக்கவும், சர்க்கரையை விடவும், நடக்கவும் சொன்னார். நாலைந்து மாதம் கழித்து ரத்தம் பார்க்கலாம் என்றார். அவ்வளவு நேரம் பெஞ்சில் காத்துக் கிடந்ததற்கு ஒரு மாத்திரையாவது எழுதித் தந்திருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது. அந்தக் குறையை ஞாயிற்றுக்கிழமை போனில் மகனிடம் சொன்னேன். அடுத்த சில வாரத்தில் பார்சல் வந்துவிட்டது.

பெரிய பச்சை டப்பா. முன்பக்கம் ஒரு இலை, பளபளவென்று ஒரு கல்லீரல் படம், அதற்கு மேல் 'லிவர் சப்போர்ட்' என்று தடித்த எழுத்து. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கேப்சூல் போடவேண்டும். மறந்துவிடுவேன் என்று அவனே தினமும் கூப்பிட ஆரம்பித்தான். எனக்குக் காலை, அவனுக்கு முந்தின நாள் சாயங்காலம்.

"போட்டியாம்மா?"

"போட்டேன்ப்பா."

"சாப்டியா?"

"இட்லி. நீ?"

"இனிமேத்தான். சரிம்மா, வைக்கவா?"

அவ்வளவுதான் பேச்சு. அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் வாரம் ஒருமுறைதான் கூப்பிடுவான், சில வாரம் அதுவும் இருக்காது. இப்போது தினமும் அவன் குரல். எனக்கு அந்த டப்பாவைப் பிடித்துப்போய்விட்டது. சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் நத்தம் பக்கத்துக்காரர். அங்கே அவர்களுக்குத் தோட்டம் உண்டு. விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு கட்டுக் கீழாநெல்லியை வேரும் மண்ணுமாகக் கொண்டுவந்து என் அடுப்படியில் போட்டார்.

"ஒங்களுக்குக் கொழுப்புன்னு தெருவுக்கே தெரியும் மதினி. ஸ்கேன்காரிக்கு இப்பத்தேன் தெரிஞ்சிருக்கு" என்றார். "இத அரைச்சு மோர்ல கலக்கி வெறும் வயித்துல குடிங்க. மஞ்சக்காமாலைக்கே கேக்குது, இது எம்மாத்திரம்?"

"டப்பா மருந்து வேற சாப்புடுறேனே."

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. பச்செலதான மதினி, என்ன செஞ்சிறப்போகுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கீழாநெல்லி குடித்தால் பத்தியம் இருக்கவேண்டும். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. எங்கள் வீட்டில் ஒருவருக்குப் பத்தியம் என்றால் எல்லாருக்கும் பத்தியம்தான். முன்பு கணவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நானும் மகனும் சேர்ந்தே உப்பில்லாத மோர்ச் சோறு சாப்பிட்டோம். ஒவ்வொரு கவளத்துக்கும் மகன் முகத்தை அஷ்டகோணலாக்குவான், அதைப் பார்த்து அவர் சிரிப்பார். இந்தத் தடவை உப்பில்லாச் சோற்றை நான் ஒருத்தி உட்கார்ந்து தின்றேன். முகம் சுளிக்கக்கூட மனசு வரவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள்?

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது எடை குறைந்திருந்தது. கல்லீரல் கணக்கு மட்டும் இருக்கவேண்டியதைவிட ஏறியிருந்தது. டாக்டர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லங்க சார்."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பது. பச்சிலை என்பது பச்சிலை. பிள்ளை அனுப்பியது பிள்ளை அனுப்பியது. இவை இரண்டையும் மருந்துக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றாது. அவர் இந்த ஊரில் வெகுகாலம் வைத்தியம் பார்க்கிறவர் போலிருக்கிறது. கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"அரைச்சுக் குடிக்கிறது, கஷாயம், பொடி, பிள்ளைங்க வெளிநாட்டுலருந்து அனுப்புற டப்பா?"

"டப்பா இருக்கு. கீழாநெல்லியும் உண்டு" என்றேன். நல்ல வேளையாக டப்பா பைக்குள்ளேயே இருந்தது. அவரிடம் காட்டிப் பெருமைப்படலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன்.

அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். "எது எது எவ்வளவு இருக்குன்னு இதுல போடவே இல்லையேம்மா. இதுல எது ஒங்களுக்கு ஆகலன்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டையும் நிறுத்துங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

வீட்டுக்கு வந்து அன்று மத்தியானம்தான் நானும் அந்த டப்பாவைத் திருப்பினேன். இத்தனை நாள் அதன் முகத்தை மட்டுமே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முதுகில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயில் நுழையாத லத்தீன் பெயர்கள். ஒவ்வொன்றாகப் போனில் அடித்தேன். முதல் பெயருக்கு வந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழாநெல்லி. காலையில் மிக்சியில் அரைத்த அதே செடி. அடுத்தது நிலவேம்பு. அப்புறம் மூக்கிரட்டை, சீந்தில் கொடி, மஞ்சள். எல்லாம் நம் ஊர் வேலி ஓரத்து ஆட்கள், பெயரை மாற்றிக்கொண்டு கப்பலேறிப் போய் என்னிடமே திரும்பி வந்திருக்கிறார்கள். ஊதாப் பூப் பூக்கிற ஒரு முள்செடி மட்டும் எனக்குப் புதியது.

பெயருக்குப் பக்கத்தில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்றும், பத்துக்கு ஒன்று என்றும் போட்டிருந்தது. பத்துப் பங்கு இலையை ஒரு பங்காகச் சுண்டவைத்த சாரம் என்று அர்த்தமாம். பச்சிலைதானே என்று இதற்கு எப்படிச் சொல்வது? மஞ்சளோடு மிளகுச் சத்தும் இருந்தது. மிளகு சேர்ந்தால் மஞ்சள் உடம்பில் கூடுதலாக ஏறும் என்று படித்தேன். ரசத்துக்குப் போடுகிற மிளகும் மஞ்சளும் வேறு, இது வேறு.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அடுத்த வரியில்தான். எல்லாச் சாரங்களையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து 'ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்' என்று தலைப்புப் போட்டு, மொத்த எடையை மட்டும் கொடுத்திருந்தார்கள். தனித்தனியாக எது எவ்வளவு என்பது கம்பெனி ரகசியம். கலப்பு என்பது என்னவென்று எனக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. மில்லில் கலப்பு நூல் மூட்டைக்குச் சீட்டு ஒட்டும்போது பாலியெஸ்டர் எத்தனை பங்கு, பஞ்சு எத்தனை பங்கு என்று எழுதாமல் கேட்டைத் தாண்டவிட மாட்டோம். 'நல்ல கலவை, மொத்தம் இவ்வளவு கிலோ' என்று எழுதி அனுப்பினால் நூல் வாங்குகிறவன் மூட்டையைத் திருப்பி நம் தலையிலேயே போடுவான். சட்டையாகப் போகிற நூலுக்கு இருக்கிற மரியாதை என் வயிற்றுக்கு இல்லை.

அதற்கும் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில், இந்தப் பொருள் எந்த நோயையும் கண்டுபிடிக்கவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உத்தேசிக்கப்பட்டதல்ல என்று எழுதியிருந்தது. முன்பக்கம் கல்லீரலுக்குத் துணை, பின்பக்கம் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நல்ல துணை.

ஆக, எல்லாம் புரிந்துவிட்டது. நிறுத்தவேண்டும், அவ்வளவுதான். கீழாநெல்லியை அன்றைக்கே நிறுத்தினேன். ஆனால் டப்பாவை நிறுத்தினால் மறுநாள் காலையில் "போட்டியாம்மா?" என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது? நிறுத்திவிட்டேன் என்றால் அவன் எதற்குக் கூப்பிடப்போகிறான்? போடாமலே போட்டேன் என்று சொல்லவும் எனக்கு வராது, குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இரண்டுக்குப் பதிலாக ஒன்று போட்டேன். போட்டுவிட்டு, "போட்டேன்ப்பா" என்றேன். தெரிந்தேதான் செய்தேன். அந்தக் குரலை நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். வயிற்றுக்குள் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்ற பயத்தோடே இட்லி சாப்பிட்டேன்.

ஒருநாள் காலை அவன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பேசினான்.

"எனக்கும் லேசா ஃபேட்டி லிவர் இருக்காம்மா. ஆபீஸ் செக்கப்ல சொன்னாங்க. பயப்படாத. ஒனக்கு வாங்கறப்ப எனக்கும் ஒரு டப்பா வாங்கிட்டேன். ஒனக்குத்தான் நல்லா ஒத்துக்கிருச்சே. நாளையிலருந்து போடலாம்னு இருக்கேன்."

என் கையிலிருந்த கேப்சூல் மேசைமேல் விழுந்து உருண்டது. அத்தனை நாள் வராத தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அத முதல்ல திருப்பு" என்றேன்.

"எதம்மா?"

"டப்பாவத்தேன். திருப்பிப் பின்னாடி படி. ப்ளெண்ட்டுன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. அதுல எது எம்புட்டுன்னு போட்டிருக்கா?"

டப்பாவை எடுத்துவந்து பார்த்துவிட்டு, "போடல" என்றான். மில்லில் சீட்டைச் சரிபார்க்கிற தோரணையில் நான் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். சாரம் என்றால் என்ன, மிளகு எதற்கு, கடைசி வரியில் என்ன இருக்கிறது, எல்லாம். அவன் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்றான். என் ரத்தத்தில் ஏறியதையும் டாக்டர் நிறுத்தச் சொன்னதையும் கடைசியாகச் சொன்னேன்.

"எப்பச் சொன்னாரு?"

"அது ஆச்சு கொஞ்ச நாளு."

"அப்பறம் ஏம்மா தினமும் போட்டேன் போட்டேன்னு சொன்ன?"

"போட்டேன், அதான் சொன்னேன்" என்றேன்.

அவன் திட்டினான். நன்றாகவே திட்டினான். கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் அவன் என்னோடு பேசி எவ்வளவு காலம் ஆயிற்று என்றுதான் மனசு கணக்குப் பார்த்தது. கடைசியில் குரல் தணிந்தது.

"சரி, இனி தொடாத. நானும் தொடல. இங்க டாக்டர்ட்டயே கேட்டுக்கறேன். இரு, போன்ல அலாரம் வச்சிருக்கேன், அத எடுத்துர்றேன்."

"என்ன அலாரம்?"

"ஒன்னக் கூப்பிடத்தான். இல்லன்னா வேலையில மறந்துருவேன்ல. 'அம்மா மாத்திரை'ன்னு பேர் போட்டு வச்சிருக்கேன்."

தினமும் என்னைக் கூப்பிட்டது அவன் நினைப்பு என்று நான் இருந்தேன். மேசைமேல் கிடந்த கேப்சூலைப் பார்த்தபடி சொன்னேன்.

"எடுக்காதப்பா. மாத்திரைங்கிறத மட்டும் அழிச்சிரு. மத்தது இருக்கட்டும்."

"சரிம்மா" என்றான்.

மறுநாள் காலை அதே நேரத்துக்குப் போன் அடித்தது. கேட்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை, சொல்வதற்கு என்னிடமும் இல்லை.

"என்னம்மா" என்றான்.

"என்னப்பா" என்றேன்.