நாற்பது பிடி

நாற்பது நாள் தவக்காலத்தை ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

விவேக் நகரில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து திரும்பியதும் அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து இயேசு படத்துக்குக் கீழே வைப்பாள். ராத்திரிச் சோற்றுக்கு அளந்த அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடி அதற்குள் போகவேண்டும். பெரிய வெள்ளியன்று எல்லா வீட்டு அரிசியையும் கோயில் வளாகத்தில் ஒரே அண்டாவில் கொட்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒருசந்தி விரதம் இருந்தவர்கள், தெருவோடு போகிறவர்கள், யார் வந்தாலும் ஒரே பந்தி. அந்த வருஷம் டின்னுக்கு நான் பொறுப்பு.

எனக்கோ ஈஸ்டர்தான் கண்ணில் நின்றது. ஈஸ்டர் என்றால் பிரியாணி. கறி கிடையாது, டிவியில் படம் கிடையாது, பீடத்தில் பூ கூடக் கிடையாது என்றால் ஒருத்தி எத்தனை நாள் தாங்குவாள்? "ஈஸ்டர் எப்பம்மா?" என்று நான் துளைத்ததில் அம்மா மூன்றாம் நாளே அலுத்துப்போனாள்.

"நாப்பது பிடி போடு, தானா வந்துரும். சும்னே நைநைன்னாத!"

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். சமையலறை அரிசி டிரம்மை அம்மா விட்டு நகரமாட்டாள். கட்டிலுக்கு அடியில் ஒரு மஞ்சள் பையில் அரிசி இருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் எண்ணி நாற்பது பிடி போட்டு, பையை முன்போலவே கட்டி வைத்தேன். டின் மூடிவரை நிறைந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஈஸ்டர் வரவில்லை.

அதன்பிறகு தினமும் அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்து, படத்துக்கு முன்னால் பயபக்தியாக நின்றுவிட்டு, அம்மா அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துப் பானையிலேயே போட்டுவிடுவேன். டின்னில் இடமில்லையே!

பெரிய வெள்ளி வந்தது. அன்று காலையிலிருந்து, மூன்று மணிக்குச் சிலுவையை முத்தமிட்டு முத்தி செய்யும்வரை அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள். அது அவளுடைய நேர்ச்சை. அண்டாவுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரேஷன் அரிசி, தடித்தடியாக, பழுப்பாக விழுந்தது. என் முறை வந்ததும் டின்னைக் கவிழ்த்தேன். வெள்ளைவெளேரென்று, பொடிப்பொடியாக, வாசனையோடு கொட்டியது சீரகச் சம்பா.

ஈஸ்டர் பிரியாணிக்கென்று வேலூரிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த அரிசி அது.

அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. வாய் திறக்கவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை அந்த மௌனத்தோடு நான் கிடந்து தவித்தேன். சிலுவைப்பாதையில் பதினான்கு இடத்திலும் முழந்தாளிட்டு, "மூணு மணி ஆகவே கூடாது சாமி" என்று வேண்டினேன். வாழ்க்கையில் நேரம் மெதுவாகப் போகட்டும் என்று நான் கேட்டது அன்றைக்குத்தான். அது மட்டும் விறுவிறுவென்று போனது.

முத்தி செய்ய வரிசையில் நகரும்போதே கஞ்சி வாசனை கோயிலுக்குள் வந்துவிட்டது. முன்னால் நின்றவர் பின்னால் திரும்பி, "இன்னாங்க, துக்க நாள்ல இப்பிடி மணக்குது?" என்று கிசுகிசுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்தியில் எங்களுக்கு எதிரே, பக்கத்துத் தெருவில் கட்டடவேலை செய்கிற ஒரு கன்னடக்காரப் பெண், இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள்: "ஏனக்கா, இவத்து ஹப்பானா?" இன்றைக்குப் பண்டிகையா என்று.

அம்மா அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தாள்.

"ஹப்பா பானுவாரம்மா, ஞாயித்துக்கெழம." என்னைப் பார்த்தாள். "இவளுக்குத்தான் அவசரம்."

அவ்வளவுதான். எழுந்துபோய்க் கரண்டியை வாங்கி, அந்தக் குழந்தைகளின் தட்டில் தானே இன்னொரு முறை ஊற்றினாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிரியாணி போன வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவிலிருந்து பெரியம்மா குடும்பம் இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தது. பையில் மிஞ்சியிருந்த அரிசி பத்துப் பேருக்குக் காணாது. இலையில் புழுங்கலரிசிச் சோறும் கறிக்குழம்பும் விழுந்ததைப் பார்த்துப் பெரியப்பா அதிர்ந்துபோனார்.

"என்னாம்மா இது, பிரியாணி எங்க?"

"வெள்ளிக்கெழமையே போட்டாச்சு மாமா," என்றாள் அம்மா.

அவர் அதைப் பெரிய ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்துச் சிரித்து மூன்று முறை சோறு வாங்கினார். அடி விழாமல் தப்பித்ததில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த வருஷம் விபூதிப் புதன். அம்மா டின்னைக் கழுவித் துடைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மஞ்சள் பையை இழுத்து, அவளே ஒரு டம்ளர் சீரகச் சம்பா அளந்து டின்னின் அடியில் கொட்டினாள்.

"மொதல்ல இது. இதுமேல உன் பிடி. பானையிலேர்ந்து எடுக்கணும், திரும்பப் பானைக்குப் போகக்கூடாது. தெரிஞ்சுதா?"

அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்ததே என்று ஒரு நொடி திக்கென்றது. ஆனால் என் மூளை அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிட்டது. ஒரு டம்ளர் என்றால் என் கைக்கு நாலு பிடி. நாலு நாளை அம்மாவே கழித்துக் கொடுத்துவிட்டாள். பாக்கி முப்பத்தாறுதான் என்று துள்ளிக் குதித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.