குழாயில் தண்ணீர் நின்ற மாசி மாதம்

சகோதரிகளே, என் சொந்த வீட்டு மாடிப்படியில் இறங்கவே நான் பயந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் பிடித்த பயம் அது. அதிலிருந்து கர்த்தர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதிலிருந்து கொழுந்து பறித்தேன். மழையிலும் அட்டைக்கடியிலும் மலை ஏறி இறங்கினேன். தலவாக்கலை டவுனில் தையல்கடை வைத்திருந்த தேவதாசனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது, நான் கொடுத்துவைத்தவள் என்று லயமே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். "நீ நனைஞ்சது போதும் ஞானம். இனிமே உக்காந்த இடத்துலயே இரு, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்" என்றார்.

கடை கீழே, வீடு மேலே. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை காஜா எடுப்பேன், பொத்தான் தைப்பேன். தண்ணீர்க் குழாய் மேலேயே இருந்தது. அரிசி, மரக்கறி எல்லாம் அவர் வாங்கி வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் படி இறங்குவேன். மகள் பிறந்த பிறகு அதுவும் நின்றுபோனது.

ஒருநாள் பின்னேரம் மூன்று மணி இருக்கும். கையில் ஊசி. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கை வியர்த்தது. மூச்சு மேலே நின்றுவிட்டது. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வந்தது. பிறகு மூன்று மணிக்காகப் பயந்து காலையிலிருந்தே நடுங்கத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "இருதயத்துல ஒரு கோளாறும் இல்லம்மா" என்றார். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். எனக்கோ பயம் இரண்டு மடங்கானது. இருதயம் சரியென்றால் கெட்டது புத்திதானே? அங்கொடைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ? பிள்ளையை யார் பார்ப்பார்கள்?

இதைவிடக் கொடியது ஒன்று. இதுவரை வீட்டுக்கு வெளியே நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியின் தலைப்பில் நின்றேன். "இவளை நீ கீழே போட்டுவிடுவாய்" என்று ஒரு நினைவு வந்தது. எனக்குப் போடவேண்டும் என்ற ஆசை இல்லை, சகோதரிகளே. நினைவு மட்டும்தான். ஆனால் அன்றிலிருந்து நான் பிள்ளையைத் தூக்கவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டி அழுவாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்திருப்பேன். வீட்டுக்காரர்தான் தையலை விட்டு மேலே ஓடிவருவார்.

தை மாதம் முழுவதும் ஜெபித்தேன். என் ஜெபத்தில் அழகான வார்த்தை ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும். இல்லாவிட்டால் என்னையே எடுத்துக்கொள்ளும்." அவ்வளவுதான்.

மாசி பிறந்தது. அந்த வருஷம் மழையே இல்லை. ஒரு காலையில் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தெருவில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. தேயிலை மலை தொடங்கும் இடத்து ஊற்றுப் பீலியில் மட்டும் பாறையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அரை மைல் ஏற்றம். எனக்குக் கோபம் வந்தது. சுகம் கேட்டேன், உள்ள தண்ணீரையும் நிறுத்திவிட்டீரே என்று வாய்விட்டே சொன்னேன்.

முதல் நாள் வீட்டுக்காரர் சுமந்தார். மறுநாள் கலியாணக் கோட்டு ஒன்று கொடுக்கவேண்டியிருந்ததால் அவரால் மெஷினை விட்டு எழும்ப முடியவில்லை. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டு சோமாவதி வாளியோடு படியடியில் நின்று கூப்பிட்டாள். அவள் சிங்களப் பெண். ரயில்வேயில் வேலை செய்பவரின் மனைவி.

"எனக்கு முடியாதுக்கா. பயமா இருக்கு. நடுவழியில விழுந்துருவேன்" என்றேன்.

"விழுந்தா தூக்குறேன் நங்கி. நான் முன்னுக்குப் போறேன். நீ என் கால மட்டும் பாத்து வா."

நங்கி என்றால் அவள் பாஷையில் தங்கை. அவள் குதிகாலையே பார்த்து இறங்கினேன். ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடித்தது. ஆனால் இந்த அடி வேறு. மலை ஏறியதால் அடிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. கொழுந்துக் கூடையோடு ஏறிய நாளில் அடித்த அதே அடி! பீலியில் முகத்தை நீட்டினேன். பச்சைத் தண்ணீர் பட்டதும் அழுதுவிட்டேன். என் வாளியையும் சோமாவதியே நிரப்பினாள்.

நாளுக்கு மூன்று நடை. முதல் வாரம் பயம் வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு ஒருநாள் தண்ணீரை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தேன், மணி நான்கு. மூன்று மணி போனதே தெரியவில்லை. அன்று பிள்ளையைத் தூக்கினேன். அவள் என் காதைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை சிரித்த சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

பங்குனி கடைசியில் மழை வந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது. நானும் பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நாலாம் நாள் உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது. அப்போதுதான் புரிந்தது. கர்த்தர் எனக்கு மருந்து கொடுத்திருந்தார். நான்தான் அதைக் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காலையில ஒரு மணிநேரம் நான் நடக்கணுங்க."

"குழாய்ல தண்ணி வந்தப்புறம் எதுக்கு? டெய்லர் பொண்டாட்டி சும்மா ரோட்டுல சுத்துறான்னு டவுனு பேசாதா?"

"பேசட்டுங்க. உக்காந்தா நான் செத்துருவேன்."

அதன் பிறகு படியில் வந்த அந்த நினைவையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகு, "இதத் தனியாவா சுமந்த?" என்றார். மறுநாள் காலை பிள்ளையை அவரே வாங்கிக்கொண்டார். "மெதுவா போயிட்டு வா."

நான்கு வருஷமாக நடக்கிறேன். பயம் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அடைமழை நாட்களில் எட்டிப் பார்க்கும். வந்தால் ஜெபிப்பேன், அறைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடப்பேன். அது போய்விடும். ஊசி வேலையையும் விடவில்லை. இடையிடையே எழுந்துவிடுகிறேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதும் நான்தான். என் வாயைத் துதியால் நிரப்பினவருக்கு ஸ்தோத்திரம்.

இங்கேயும் ஜன்னலோரம் நடுங்கிக்கொண்டு ஒருத்தி இருக்கலாம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சகோதரி, கர்த்தரிடம் சொல்லுங்கள். அவர் பதில் நீங்கள் கேட்ட மாதிரி வராவிட்டாலும் வெறுக்காதீர்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு இந்த ஆலய வாசலில் நிற்பேன். சோமாவதியும் வருவாள். நீங்கள் பேசவேண்டியதில்லை. கூட நடந்தால் போதும்.