ஹைருன் பீவி வாங்கிய சர்டிபிகேட்

கடையநல்லூர் ஹைருன் பீவிக்குச் சர்டிபிகேட் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கணவர் ஆதம் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன காலத்தில், அவருடைய ஐடிஐ சான்றிதழைச் சென்னை, டெல்லி, எம்பசி என்று அனுப்பி முத்திரைக்கு மேல் முத்திரை வாங்கியவள் அவள்தான். முத்திரை இல்லாத காகிதத்தை அவள் பொட்டலம் கட்டக்கூட மதிக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வெப்சைட் தண்ணி காட்டியது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் மூன்று அறை கொண்ட காட்டேஜ் அவர்களுடையது. இந்த சீசனில் அறைகள் நிறைந்தால் ஆதம் ஊரோடு வந்துவிடுவார். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்தி அவளுக்கு அலுத்துவிட்டது. சாரல் தொடங்கிவிட்டது. ஆனால் காட்டேஜ் வெப்சைட்டில் அறை பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் கோள் மூட்டிக்கொண்டிருந்தது.

தளம் பாதுகாப்பானது என்று காட்டும் எஸ்எஸ்எல் சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்று, வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் போனில் சொன்னான். அவன் சொன்ன விலைக்கு மூன்று அறைக்கும் புது மெத்தை போட்டுவிடலாம்.

அவள் அசரவில்லை. தென்காசியில் ஜெயபிரியாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஃபைலோடு போய் நின்றாள். வீட்டுப் பத்திரம், ஆதார், நான்கு போட்டோ. எல்லாவற்றுக்கும் மேலே வெப்சைட்டின் முதல் பக்கம் கலர் பிரிண்ட்டில். அதன் அடியில் நோட்டரி வக்கீலின் கையெழுத்தும் சிவப்பு முத்திரையும்.

"அட்டெஸ்ட் வாங்கிட்டுத்தான் வாரேன். இதை எங்கன அனுப்பணும், டெல்லிக்கா? செலவு கொறச்சலா முடியுமான்னு பாரு."

ஜெயபிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எக்கா, இது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் குடுக்குத சர்டிபிகேட்டு. பேப்பரே கெடையாது. சும்மாவே கெடைக்குது, உங்க ஹோஸ்டிங்லயே அதுக்குப் பட்டன் இருக்கு. பாஸ்வேர்டை நீங்களே அடிங்க."

ஒரு பட்டன். பழைய முகவரிக்கு வருகிறவர்களும் பாதுகாப்பான முகவரிக்கே போகும்படி இன்னொரு பட்டன். டீ குடித்து முடிப்பதற்குள் எச்சரிக்கை காணாமல் போயிருந்தது.

"அவ்வளவுதானாட்டி? சீலு?"

"அவ்வளவுதான்க்கா. மூணு மாசத்துக்கு ஒருக்க அதுவே புதுப்பிச்சுக்கிடும்."

ஹைருனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சென்டரில் இருந்த அத்தனை பேருக்கும் டீ சொன்னாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஆடிக் கடைசி வரை மூன்று அறையும் நிறைந்துவிட்டன. தம்மாமுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கான்ட்ராக்டுல கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"நாளைக்குத்தான். ஏன்?"

"போடாதீங்க."

ஆதம் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. அவர் அழுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வந்தது.

"நேரா வீட்டுக்கு வந்துருங்க. குற்றாலத்துல ரூம் காலியில்ல."