எண்ணெய் படாத இடம்

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறமும் தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஆறிய இடங்கள் வெளுத்தன.

"படை மாதிரி இருக்கு. கைப்பிள்ளைக்குத் தொத்திக்கிடும், அவளைத் தள்ளிப் போடு" என்று அத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவின் பாயில் தம்பி மட்டும். எனக்குத் தனிப்பாய், கதவோரம். நடுவில் நான்கு முழம். பகலில் பாய்களைச் சுருட்டிய பிறகும் அந்த இடத்தை முழம் போட்டுப் பார்ப்பேன்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிளேடால் சுரண்டுவார்கள் என்று தெருப் பிள்ளைகள் பயமுறுத்தியிருந்தார்கள். டாக்டரம்மா எடுத்ததோ காகிதம் ஒட்டுகிற கண்ணாடி டேப்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்குப் பிளேடு? இதை ஒட்டி உரிச்சா செதில் வந்துரும். மைக்ராஸ்கோப்புல படையா, கரப்பானான்னு பாத்துரலாம். கரப்பான்னா யாருக்கும் தொத்தாது."

டேப் வழுக்கியது. பிள்ளையை உப்புக்காற்றில் வெளியே கூட்டிப்போகுமுன் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் பூசுவது எங்கள் கடற்கரைத் தெரு வழக்கம். துடைத்தால் செதிலும் போய்விடுமாம். மூன்று நாள் எண்ணெய் தொடாமல் வரச் சொன்னார்.

மூன்று நாள் கழித்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் அம்மா மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். அழுதேன், உதைத்தேன். "ஏளா, சும்மா நில்லு" என்று பிடித்துவைத்துப் பூசினாள்.

டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா பயம்?"

அம்மா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "வெளுத்த எடத்தப் பாத்து பெருவியாதின்னு சொல்லிருவியளோன்னுதான். எங்கனயாவது கொண்டுபோயிச் சேக்கச் சொன்னா நான் என்ன செய்வேன்?"

பெருவியாதி என்றால் குஷ்டம் என்று அப்போது தெரியாது; பெரிய காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது இல்லைன்னு அன்னைக்கே பாத்துட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்ற டாக்டரம்மா, என்னைக் குப்புறப் படுக்கவைத்துத் தேடினார். நான் உதைத்ததில் இடது முழங்காலுக்குப் பின்னால் ஓரிடத்தில் அம்மாவின் கை படவில்லை. அங்கே டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தி, மெல்ல உரித்தார். வலிக்கவே இல்லை. அதைக் கண்ணாடித் துண்டில் பதித்து உள்ளே கொண்டுபோனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"கரப்பான்தான். தம்பி பக்கத்துலயே படுக்கலாம்."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. பாய் சின்னது, இனி என்னையும் அதில் படுக்கவைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"நான் செவரோரமா ஒடுங்கிப் படுத்துக்கிடுதேன்ம்மா" என்றேன்.

அவள் அழுகை கூடியது. எதற்கென்று விளங்காமல், ஒடுங்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அந்த சீட்டிலேயே காலைச் சுருக்கி உட்கார்ந்து காட்டினேன்.