மேடையில் ஆல இலை, பந்தியில் பேப்பர் இலை

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் எங்களுக்குச் சேவை முகாம். 'இயற்கையோடு வாழ்வோம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவேலை ஏதாவது சொல்லித்தர வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாட்டு இலை தைக்கத் தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆல இலைகளை அடுக்கி ஈர்க்குச்சியால் தைக்க அந்த வாண்டுகள் சீக்கிரமே பழகிவிட்டன. முகாமில் சாப்பாடே அதில்தான். சாப்பிட்ட இலைகளைப் பள்ளிக்குப் பின்னால் போடுவோம். எங்களுக்குச் சமைத்த அக்காவின் பசு வந்து ஒன்று விடாமல் தின்றுவிட்டுப் போகும். அந்த மாட்டுப் பாலை விற்றுத்தான் அக்கா பிள்ளைகளை வளர்த்துவந்தார்.

நிறைவு விழா அன்று முகாமை நடத்திய பேராசிரியர் ஒரு கட்டு பேப்பர் இலையோடு வந்து இறங்கினார். வாழை இலை போலவே பச்சை நிறம், மேலே பளபளவென்று பிளாஸ்டிக். பிள்ளைகள் தைத்த இலை நிறைய இருக்கிறதே என்றேன்.

"சிறப்பு விருந்தினர் வேட்டியில ரசம் ஒழுகிட்டா நீயா பதில் சொல்லுவ?" என்று எரிந்து விழுந்தார்.

பிள்ளைகளின் இலைகளைக் கோத்து மேடையில் தோரணம் கட்டினார்கள். அதன் கீழே நின்று விருந்தினர் இயற்கையைப் பற்றி முழங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தி முடிந்ததும் பழக்கதோஷத்தில் எல்லோரும் பேப்பர் இலைகளை அதே இடத்தில் போட்டார்கள். பசுவும் வழக்கம்போல வந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் கிளம்பும் நேரம், அது வயிறு உப்பி, அசை போடாமல் படுத்துக் கிடந்தது. மாட்டு டாக்டர் வந்து, பிளாஸ்டிக் வயிற்றை அடைத்துவிட்டது என்றார். பேராசிரியரிடம் ஓடினேன்.

"மாடுன்னா கண்டதையும் மேயத்தான் செய்யும். பஸ் வந்தாச்சு, ஏறு" என்றார். நான் ஏறவில்லை.

பிள்ளைகள் மேடைத் தோரணத்தை அறுத்து எடுத்துவந்து, அந்த ஆல இலைகளைப் பசுவின் வாயருகே நீட்டினார்கள். அது வாயைத் திறக்கவே இல்லை. மதியத்துக்குள் உயிர் போய்விட்டது.

அக்கா என்னைப் பார்த்து, "எம்மா, எலை கெடந்தா திங்கணும்னுதான் அதுக்குத் தெரியும். படிச்சவியளுக்குமா தெரியாமப் போச்சு?" என்று கேட்டார். அந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவர் பஸ்ஸில் போய்விட்டார்.

இன்றும் கல்யாணப் பந்தியில் பேப்பர் இலையைப் போட்டால் சண்டை போட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். தோரணம் கட்டத்தான் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு இலை தைக்கவே சொல்லித்தந்திருக்க வேண்டாம் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.