புளிக் கிடங்கில் ஒரு பதிகம்

வடதுருவத்தின் அருகே ஸ்வால்பார்டு என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. கோடையில் மாதக்கணக்கில் அங்கே சூரியன் மறைவதில்லை. நள்ளிரவிலும் வானில் நிற்கிறது. எங்கள் பனியன் கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டு அம்மையார் ஒருவர் தம் கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் எனக்கு மெய் சிலிர்த்தது. அடியும் முடியும் அறியவொண்ணாத சோதி என்று பாவாடை கட்டிய வயது முதல் நாள்தோறும் விடியலில் பாடி வந்தவள் நான். பாடிய வாய்க்கு இந்தக் கண்கள் ஒரு சாட்சி கேட்டால் அது தவறாகுமா?

அங்கே போவதென்றும், தனியாகப் போவதென்றும் அன்றே தீர்மானித்தேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னபோது, என் கணவருக்குப் பின் கம்பெனியை நடத்தி வரும் மகன் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டான்.

"ஏனுங்கம்மா, காசிக்குப் போனீங்க, கூட்டத்தோட போனீங்க. இது வெள்ளைக் கரடி சுத்தற ஊருங்க. அங்க தனியாவா?"

"ஊருக்கு வெளிய போனா துப்பாக்கியோட வழிகாட்டி கூட வருவாராம் கண்ணு. எல்லாங் கேட்டுட்டேன்."

"அப்படின்னா நானும் வர்றனுங்க. ரெண்டு டிக்கெட்டு."

மருமகள் ரசத்தை ஊற்றியபடியே குறுக்கிட்டாள். "அங்க பொழுதே சாயாதுங்களே அத்தை. சாயங்கால விளக்கு எப்பப் பத்த வெப்பீங்க?"

"அவனே ஏத்தி வெச்சு அணையாம காக்கறான். நான் போய்க் கும்பிட்டாப் போதாதா?"

அவள் சிரித்தாள், மகன் சிரிக்கவில்லை. துணை வேண்டாமென்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் சென்ற தலங்கள் பல. ஆயினும் ஒரு சன்னிதியிலேனும் மனம் நிறையும்வரை நின்றதில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பேருந்து போய்விடும், இன்னொருவருக்குக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்க வேண்டும். மகனோ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியைப் பார்ப்பவன். வாழ்நாளில் ஒருமுறையாவது, யாரும் முந்தானையைப் பிடித்து இழுக்காத இடத்தில் கண்குளிர நிற்க விரும்பினேன்.

"மொதல்ல குளிர் தாங்குவீங்கன்னு காட்டுங்க, அப்பறம் தனியாப் போறதைப் பேசலாமுங்க" என்றான் மகன்.

அவன் வாய்ப்பேச்சாகச் சொன்னதை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன். குன்னத்தூரில் என் தம்பிக்குப் புளியும் மிளகாயும் அடுக்கிவைக்கும் கோல்டு ஸ்டோரேஜ் ஒன்று உண்டு. தீவின் கோடைக் குளிரும் அந்த அறையின் குளிரும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று மகனே தேடிப் பார்த்து ஒப்புக்கொண்டான். தீவில் வீசும் காற்றுக்கு ஈடாக அறையின் பெரிய மின்விசிறிக்கு நேரே நான் நிற்க வேண்டும். அங்கே ஒரு பதிகத்தைப் பண்ணோடு நிறுத்தி நிதானமாக, பயன் சொல்லும் பதினோராம் பாட்டு வரை ஒரு சொல்லும் பிசகாமல் பாடி முடிக்க வேண்டும். முடித்தால் ஒரு டிக்கெட்டு, முடியாவிட்டால் இரண்டு.

இதற்கிடையில், பயண ஏற்பாட்டை ஒப்படைத்திருந்த சென்னை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் எச்சரித்தாள். உடம்பை ஒட்டிப் பருத்தி உடுத்தக் கூடாதாம். கம்பளி நூலில் நெய்ததுதான் வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்றது. திருப்பூர்க்காரிக்குப் பருத்தியைப் பற்றிப் பாடம் சொல்ல இவள் யார்? கம்பெனியிலேயே கனமான பருத்தித் துணியில் முழுக்கை ஆடை இரண்டு எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து புறப்பட்டேன்.

சித்திரை வெயில். கிடங்கின் வாசலை ஒரு லாரி மறித்து நின்றதால், காரை வெளியிலேயே விட்டுவிட்டுக் களத்தைக் கடந்து நடந்தோம். உள்ளே நுழையும்போதே இரண்டு ஆடைகளும் வியர்வையில் நனைந்திருந்தன. முதற்பாட்டு கணீரென்று வந்தது. மூன்றாம் பாட்டில் ஈரத்துணியை முதுகில் ஒட்டினாற்போல் இருந்தது. ஆறாம் பாட்டில் தாடை நடுங்கி ஒரு சொல் இரண்டாக உடைந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அருளாளர் வாக்கைச் சிதைத்துத்தான் ஒரு பயணம் போக வேண்டுமென்றால், அந்தப் பயணமே எனக்கு வேண்டியதில்லை.

"ஏனுங்கக்கா, தாளத்தைப் பல்லுலயே போட்டுட்டீங்க?" என்றான் தம்பி.

மகன் டிக்கெட்டுக்காகக் கைப்பேசியை எடுத்தான். "பொறு சாமி, இன்னொரு தடவை பாத்தறலாம்" என்று அவன் கையைப் பிடித்தேன்.

வீடு திரும்பும் வழியில் யோசித்தேன். வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்வது பருத்தியின் குணம். நம் வெயிலில் உடம்பைக் குளிர்விப்பதும் அந்தக் குணந்தான். அதைப் பனிநாட்டுக்கு இழுத்துப்போக நினைத்தது என் பிடிவாதம். மறுநாளே சாம்பிள் அறையைத் திறந்தேன். வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வந்த மெல்லிய கம்பளித் துணி அங்கே இருந்தது. மருமகள் அளவெடுத்து வெட்டினாள். தைத்துத் தருகிறேனென்று வந்த டெய்லரைத் தடுத்து, மிஷினில் நானே உட்கார்ந்தேன். கம்பெனி தொடங்கிய நாட்களில் என் கணவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். அந்தக் கை எதையும் மறந்திருக்கவில்லை. தையல் உறுத்தாமல் படிய, கழுத்துப்பட்டி நேராக நின்றது. செருக்கு அடியார்க்கு ஆகாதென்று அறிவேன். அன்று மாலை அந்தச் சட்டையைத் தடவித் தடவிப் பார்த்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் குன்னத்தூர் போனோம். இம்முறை வியர்வை படாமலிருக்க, கிடங்கு வாசலை ஒட்டிய அலுவலக அறையில் வைத்துத்தான் கம்பளி ஆடையை உடுத்தினேன். நான் உள்ளே போகும்போது மருமகள் கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

"கூடப் போறவரும் குளிர் தாங்கோணுமில்லீங்களா? நீங்களும் உள்ள போங்க."

"எனக்கென்ன புள்ள, நான் நிப்பேன்" என்று எங்கள் கம்பெனிப் பருத்தி டீ-சர்ட்டோடு அவனும் வந்து என் பக்கத்தில் நின்றான்.

கண்களை மூடித் தொடங்கினேன். மூன்றாம் பாட்டில் அவன் கைகளை உரசிக்கொள்ளும் ஓசை கேட்டது. ஐந்தில் காலை மாற்றி மாற்றி வைத்தான். ஏழாம் பாட்டின் நடுவே கதவு திறந்து மூடியது. நான் கண் திறக்கவில்லை. குரல் நடுங்காமல், பண் இறங்காமல், பதினோராம் பாட்டையும் பாடி முடித்துத்தான் திறந்தேன். மூட்டை எடுக்க வந்த வடநாட்டுத் தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், "ஔர் ஏக், மாதாஜி" என்றார். இன்னொன்று கேட்கிறார் என்று வாசலிலிருந்து தம்பி சொன்னான். பதிகத்தைக் கேட்பவர்க்கு மறுக்கும் வழக்கம் எனக்கில்லை, இன்னொன்றும் பாடினேன்.

வெளியே வந்தபோது மகன் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் டீ டம்ளரைக் கட்டிப்பிடித்திருந்தான். மருமகள் இன்னொரு சாக்கை அவன் தோளில் போர்த்திவிட்டாள். சிரிக்காமலிருக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"ரெண்டாவது பாட்டு எதுக்குங்கம்மா?" என்றான் அவன்.

"கேட்டாங்க கண்ணு, பாடினேன்."

 அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சென்னை அலுவலகத்துக்குப் பேசினான். எத்தனை பேர் என்று அந்தப் பெண் கேட்பது எனக்கும் கேட்டது.

"ஒருத்தருங்க. எங்கம்மா மட்டும்தானுங்க" என்றான். அவன் குரலில் நான் எதிர்பாராத ஒரு மிடுக்கு இருந்தது. தன் கம்பெனிச் சரக்கைப் பற்றி வெளிநாட்டாரிடம் பேசும்போது வரும் அதே மிடுக்கு. பிறகு கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "அங்க எத்தனை நாளுங்கம்மா?"

"அவுங்க எத்தனை நாள் போட்டிருக்கறாங்களோ, அதுக்கு மேல ரெண்டு நாள் சேத்துப் போடச் சொல்லு" என்றேன்.